அச்சடிக்காத பிரின்டர் சொன்ன சேதி

கும்பகோணத்துக்காரர்களுக்கு சிட்டி யூனியன் வங்கி என்றால் ‘நம்மூர் பேங்க்’. 1904-ல் ‘கும்பகோணம் பேங்க் லிமிடெட்’ என்ற பெயரில் தொடங்கியது. 1965-ல் சிட்டி ஃபார்வர்டு வங்கியும் யூனியன் வங்கியும் அதோடு இணைந்தன. 1987-ல் இன்றைய பெயர் வந்தது. தலைமையிடம் இன்றும் கும்பகோணம்தான்.

2018 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. அந்த வங்கியில் ஒரு பிரின்டர் வேலை செய்யாமல் போனது.

பிரின்டர் மக்கர் பண்ணுவது உலகத்தில் புதிய செய்தியா என்ன? பத்திரப்பதிவு அலுவலகம் முதல் ஜெராக்ஸ் கடை வரை தினமும் நடப்பதுதான். ஆனால், இது சாதாரண பிரின்டர் இல்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ‘ஸ்விஃப்ட்’ அமைப்போடு இணைக்கப்பட்டிருந்தது. வங்கியிலிருந்து ஒரு பண உத்தரவு வெளிநாட்டுக்குப் போனால், ‘உங்கள் உத்தரவு கிடைத்தது’ என்ற ஒப்புகையை அச்சடித்துத் தருவது அதன் வேலை.

அந்தச் செவ்வாய் மாலை, வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் வங்கியின் பெயரில் வெளியே போயின. துபாய் வங்கி ஒன்றுக்கு 5 லட்சம் டாலர், துருக்கிக் கணக்கு ஒன்றுக்கு 3 லட்சம் யூரோ, சீன வங்கி ஒன்றுக்கு 10 லட்சம் டாலர். எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஒப்புகைகளை அச்சடித்துக் காட்டியிருக்க வேண்டிய பிரின்டரோ வாய் மூடிக் கிடந்தது. ஹேக்கர்கள்தான் அதை முடக்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை கணக்கை ஒத்துப்பார்த்தபோது குட்டு உடைந்தது. வங்கி உடனே எல்லாப் பக்கமும் தகவல் அனுப்பியது. துபாய்க்குப் போகவிருந்த பணம் வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. துருக்கியில் போய்ச் சேர்ந்தது முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனதை யாரோ போலி ஆவணம் காட்டி உரிமை கோரியிருந்தார்கள். இதில் ஊழியர்களுக்குத் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை, இது சர்வதேச சைபர் குற்றவாளிகளின் வேலை என்று அதே மாதம் வங்கி அறிவித்தது.

திருட்டின் கதை இவ்வளவுதான். அந்தப் பிரின்டர் சொல்லும் பாடம் இதைவிடப் பெரியது. சர்வர் அறையில் வேலை பார்க்கிறவருக்கும் அது பொருந்தும். கையில் ஒரு ஸ்மார்ட்போன் மட்டும் வைத்திருக்கிறவருக்கும் பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத குட்டிச்சாத்தான்கள்

கம்ப்யூட்டரில் இரண்டு வகை புரோகிராம்கள் உண்டு. ஒன்று, நாம் திறந்து, பார்த்து, மூடுவது. வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, நாம் திறக்காமலே பின்னால் ஓடிக்கொண்டிருப்பது. அலாரம் சரியான நேரத்தில் அடிப்பது, வங்கி எஸ்.எம்.எஸ் வருவது, பிரின்டருக்குக் காகிதங்கள் வரிசையாகப் போவது எல்லாம் இந்த இரண்டாவது வகையின் உபயம். இவற்றை ‘பின்னணி சர்வீஸ்’ என்பார்கள்.

லினக்ஸ், யுனிக்ஸ் உலகத்தில் இவற்றுக்கு ‘டீமன்’ என்று பெயர். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் வேலை பார்த்த ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் வைத்த பெயர் இது. மேக்ஸ்வெல் என்ற இயற்பியல் அறிஞர், ஓயாமல் மூலக்கூறுகளைத் தரம் பிரிக்கும் ஒரு குட்டிப் பூதத்தைக் கற்பனை செய்திருந்தார். அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் ‘குட்டிச்சாத்தான்’ என்றே வைத்திருப்போம். ஏவிய வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகும்.

இவற்றின் பெருமையே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் நின்றால் உடனே தெரிந்துவிடும். பின்னணி சர்வீஸ் நின்றால், அது நின்றது என்று சொல்வதற்கு யாருமில்லை. வர வேண்டிய ஒன்று வராமல் இருக்கும், அவ்வளவுதான். வராததை யார் கவனிப்பது?

டாக்காவில் நடந்த ஒத்திகை

கும்பகோணம் வங்கிக்கு நடந்ததுபோல, சரியாக இரண்டு வருடங்களுக்கு முன்பு வங்கதேசத்தில் நடந்தது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை சிட்டி யூனியன் வங்கியின் தலைமையே அப்போது சுட்டிக்காட்டியது.

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் பறந்தன. மொத்தம் 95 கோடி டாலர். மறுநாள் வெள்ளிக்கிழமை டாக்காவில் வார விடுமுறை. அன்று அலுவலகம் வந்த சில ஊழியர்கள், ஸ்விஃப்ட் பிரின்டரின் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். அச்சடித்துப் பார்த்தார்கள், வரவில்லை. வழக்கமான கோளாறு என்று நினைத்தார்கள். இதற்கு முன்பும் அப்படி நடந்திருக்கிறதே!

சனிக்கிழமை பிரின்டருக்கு உயிர் வந்ததும், நியூயார்க்கிலிருந்து வந்த கேள்விகள் அதிலிருந்து வெளியே வந்தன. ‘இவ்வளவு உத்தரவுகள் அனுப்பியிருக்கிறீர்களே, சரிதானா?’ என்ற ரீதியில். டாக்காவிலிருந்து பதறிப்போய்த் தொடர்புகொண்டால், அமெரிக்காவில் வார விடுமுறை. திங்கள்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. திருடர்கள் காலண்டரையும் பார்த்துத்தான் நாள் குறித்திருந்தார்கள்.

30 உத்தரவுகளை நியூயார்க் வங்கி நிறுத்திவைத்தது. ஐந்து நிறைவேறின. அதில் ஒன்று, 2 கோடி டாலர், இலங்கையில் இருந்த ஓர் அமைப்பின் கணக்குக்கு. ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைத் திருடர்கள் ‘ஃபண்டேஷன்’ என்று தப்பாக எழுதிவிட்டார்கள். வழியில் இருந்த டாய்ச் வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. அந்தப் பணம் தப்பியது. மிச்சம் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் வங்கிக் கிளை ஒன்றுக்குப் போய், சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வங்கதேச மத்திய வங்கியின் கவர்னர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார்.

எப்படிச் செய்தார்கள்? பி.ஏ.இ சிஸ்டம்ஸ் என்ற பிரிட்டன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த நச்சு மென்பொருளைப் பிரித்து மேய்ந்தார்கள். அது தன்னையே ஒரு பின்னணி சர்வீஸாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டிருந்தது. பெயரும் ஏதோ கோளாறு கண்டுபிடிக்கும் கருவியின் பெயர்போலவே இருந்தது. உள்ளே உட்கார்ந்து, ஸ்விஃப்ட் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. தன் எஜமானர்களின் உத்தரவுகள் பற்றிய பதிவுகளை டேட்டாபேஸிலிருந்து அழித்தது. பிரின்டருக்குப் போக வேண்டிய ஒப்புகைகளின் மேல் பூஜ்யங்களை எழுதி, அவற்றை வெறும் குப்பையாக்கியது.

ஆக, உண்மையைச் சொல்லும் குட்டிச்சாத்தானின் வாயை அடைத்துவிட்டு, அதன் இடத்தில் பொய் சொல்லும் குட்டிச்சாத்தான் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் வித்தியாசம்

டாக்காவில் வியாழன் இரவு நடந்ததன் முழு அளவு தெரிய நாள்கள் ஆயின. கும்பகோணம் வங்கியில் செவ்வாய் மாலை நடந்தது புதன் காலையிலேயே தெரிந்தது. இதற்குக் காரணம் அதிநவீனக் கருவி எதுவும் இல்லை. நேற்று நாம் அனுப்பியது எத்தனை, வெளியே போனதாகக் கணக்கில் இருப்பது எத்தனை என்று தினமும் ஒத்துப்பார்க்கும் பழைய வழக்கம்தான் காப்பாற்றியது. மளிகைக் கடையில் ராத்திரி கல்லாவை எண்ணி நோட்டோடு சரிபார்ப்பார்களே, அதேதான்.

பிரின்டர் என்பது ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை முடக்கலாம். கணக்கை இன்னோர் இடத்திலிருந்து எடுத்துச் சரிபார்ப்பது இரண்டாவது சாட்சி. இரண்டு சாட்சிகளையும் ஒரே இரவில் முடக்குவது சுலபம் இல்லை.

அந்த பிப்ரவரியில்தான் பஞ்சாப் நேஷனல் வங்கியின் நீரவ் மோடி விவகாரமும் வெடித்தது. அது வேறு வகை. அங்கே உள்ளே இருந்தவர்களே ஸ்விஃப்டைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. ஆனால் அங்கேயும் ஓட்டை ஒன்றுதான்: ஸ்விஃப்டில் போகும் உத்தரவு, வங்கியின் மையக் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படவில்லை. 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி சொன்னது. பிறகு இரண்டையும் இணைக்கக் கெடு விதித்தது. 2019 மார்ச்சில், ஸ்விஃப்ட் தொடர்பான விதிகளைச் சரியாகப் பின்பற்றாத 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

ரீஸ்டார்ட் என்னும் சர்வரோக நிவாரணி

எது நின்றாலும் நம் கை முதலில் போவது ரீஸ்டார்ட் பட்டனுக்குத்தான். டி.வி, மோடம், செல்போன், சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. பாதி நேரம் சரியாகியும்விடும். அதனால்தான் அது ஆபத்தான பழக்கம்.

டெல்டாவில் இதை விளக்குவது எளிது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் அனுபவமுள்ள லஸ்கர் என்ன செய்வார்? ஓடிப்போய் ஷட்டரை இன்னும் ஏற்றிவிட மாட்டார். கரையோடு நடந்துபோய்ப் பார்ப்பார். மேலே எங்காவது உடைப்பு இருந்தால், கூடுதலாகத் திறந்துவிடும் தண்ணீர் முழுவதும் அந்த உடைப்பு வழியாகத்தான் போகும். கரை இன்னும் கரையும். கடைமடைக்கு ஒரு சொட்டும் வராது. ‘ஏன் வரவில்லை’ என்பதற்கு முன்னால் ‘எங்கே போகிறது’ என்று கேட்பார்.

சர்வரில் ஒரு சர்வீஸ் விழுந்துவிட்டால் அதே மாதிரி கரையோடு நடக்க ஐந்து கேள்விகள் இருக்கின்றன.

1. எப்போது நின்றது? ஒவ்வொரு சர்வீஸும் ‘லாக்’ என்ற நாட்குறிப்பை எழுதிக்கொண்டே இருக்கும். அதன் கடைசி வரியைப் பாருங்கள். நமக்குத் தெரியவந்த நேரமும் அது உண்மையில் நின்ற நேரமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளிதான் ஆபத்துக் காலம்.

2. தானாக விழுந்ததா, யாராவது நிறுத்தினார்களா? லினக்ஸில் ஒரு புரோகிராம் சாகும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுச் சாகும். 0 என்றால் வேலையை முடித்துக்கொண்டு ஒழுங்காக வெளியேறியது. 137 என்றால் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது. நினைவகம் போதாமல் இயங்குதளமே கொன்றிருக்கலாம். 139 என்றால் தனக்கு உரிமை இல்லாத நினைவக இடத்தைத் தொட்டு விழுந்தது. 143 என்றால் ‘நின்றுகொள்’ என்று யாரோ சொன்னதால் நின்றது. நம் ஆட்கள் யாரும் சொல்லவில்லை என்றால், சொன்னது யார்?

3. இடம் இருக்கிறதா? ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டால் நல்ல சர்வீஸும் படுத்துவிடும். பல நேரங்களில் டிஸ்க்கை நிரப்பியது யாரும் பார்க்காமல் வளர்ந்துகொண்டே போன அந்த லாக் கோப்பாகவே இருக்கும்.

4. கடைசியாக என்ன மாறியது? நேற்று இரவு அப்டேட் நடந்ததா? பாஸ்வேர்டு மாற்றினார்களா? பாதுகாப்புச் சான்றிதழின் காலக்கெடு முடிந்ததா? ‘நான் எதையும் தொடவே இல்லை’ என்று எல்லோரும் சொல்லும் அலுவலகங்களில் பதில் இந்தக் கேள்வியில்தான் ஒளிந்திருக்கும்.

5. அது நின்றிருந்த நேரத்தில் என்ன நடந்தது? இதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சர்வீஸ் மறுபடி ஓடத் தொடங்கிய சந்தோஷத்தில் எல்லோரும் காபி குடிக்கப் போய்விடுவார்கள். போகாமல் விட்ட பில் எத்தனை, இரண்டு முறை போன பில் எத்தனை, பேக்கப் எடுக்கப்படாத நாள்கள் எத்தனை என்று பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். கும்பகோணம் வங்கியை எச்சரித்தது இந்த ஐந்தாவது கேள்விதான்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும் முன்பே அவசரத்துக்கு ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்றால், லாக் கோப்பை முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட வேண்டும். தடயத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் திருடனைத் தேட முடியாது. டாக்காவில் பதிவுகளையே அழித்தார்கள் என்பதை நினைவில் கொண்டால், லாக்கின் இன்னொரு பிரதியை எப்போதும் வேறொரு கம்ப்யூட்டரில் வைப்பது நல்லது.

தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைக்கும் வசதியும் உண்டு. நல்லதுதான், ஆனால் அளவோடு. லினக்ஸில் சர்வீஸ்களை மேய்க்கும் ‘சிஸ்டம்-டி’, 10 விநாடிகளுக்குள் 5 முறை எழுப்பியும் சர்வீஸ் விழுந்தால், ஆறாவது முறை எழுப்பாமல் விட்டுவிடும். அதன் வழக்கமான அமைப்பு அது. ‘இனி மனிதர் வந்து பார்க்கட்டும்’ என்று அது கையைக் கட்டிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

கூகுள் கற்றுக்கொண்ட முறைப்பாசனம்

2025 ஜூன் 12. மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்குத் திறக்கப்பட்ட நாள். அன்று இரவு நம் நேரப்படி 11 மணிக்கு மேல், உலகமெங்கும் கூகுள் கிளவுட் தள்ளாடியது. ஸ்பாட்டிஃபை, டிஸ்கார்டு போன்றவை பாதிக்கப்பட்டன. காரணம், ‘சர்வீஸ் கன்ட்ரோல்’ என்ற ஒரே ஒரு பின்னணி சர்வீஸ். கூகுளுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுமதி உண்டா, அளவு மீறவில்லையா என்று பார்க்கும் வாசல்காவலர் அது.

சில கட்டங்கள் காலியாக இருந்த ஒரு விதிமுறைப் பட்டியல் அதற்குக் கொடுக்கப்பட்டது. காலிக் கட்டத்தை எப்படிக் கையாள்வது என்று புரோகிராமில் எழுதப்படவில்லை. சர்வீஸ் விழுந்தது, எழுந்தது, அதே பட்டியலைப் படித்து மறுபடி விழுந்தது. அந்தப் பட்டியல் சில விநாடிகளில் உலகம் முழுக்கப் போய்விட்டதால் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. பத்து நிமிடத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் பெரிய மையம் ஒன்றில் நிலைமை சீராக 2 மணி 40 நிமிடம் வரை ஆனது. ஏன்? விழுந்த சர்வீஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே டேட்டாபேஸை ஒரே நேரத்தில் மொய்த்தன. அது மூச்சுத் திணறியது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் யாருக்கும் ஒழுங்காகத் தண்ணீர் பாயாது என்பதால்தான் முறைப்பாசனம் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் அதே தீர்வுதான்: ஒவ்வொன்றும் கொஞ்சம் காத்திருந்து, வெவ்வேறு நேரத்தில், முறைவைத்து எழ வேண்டும்.

நம் யு.பி.ஐ-யும் 2025 ஏப்ரல் 12 அன்று இதே மாதிரி சிக்கலில் மாட்டியது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் பழைய பரிவர்த்தனைகளுக்கெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் கேள்விகளின் வெள்ளத்தில் அமைப்பு திணறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்பது உள்ளிட்ட கட்டுப்பாடுகள் வந்தன.

விசில் சத்தம் கேட்கிறதா?

சரி, நின்றுபோன சர்வீஸ் தானாகச் சொல்லாது. அப்படியென்றால் எப்படித் தெரிந்துகொள்வது?

தெருவில் இரவுக் காவலர் விசில் அடித்துக்கொண்டு போவார். திருடன் வந்தால் மட்டும் விசில் அடிப்பவர் என்றால், விசில் சத்தம் கேட்காத இரவில் நமக்கு எதுவுமே தெரியாது. திருடன் வரவில்லையா, காவலரே வரவில்லையா? மணிக்கொரு முறை அடித்துக்கொண்டே இருப்பவர் என்றால், சத்தம் கேட்காததே நமக்குச் சேதி.

சர்வர்களிலும் இப்படித்தான் செய்ய வேண்டும். பிரச்னை வந்தால் தகவல் அனுப்பு என்பது போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘நலம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ‘ஹார்ட்பீட்’, அதாவது இதயத்துடிப்பு என்பார்கள். துடிப்பைக் கேட்கும் புரோகிராம் வேறொரு கம்ப்யூட்டரில், முடிந்தால் வேறொரு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். காவலரும் அவரைக் கண்காணிப்பவரும் ஒரே கட்டிலில் தூங்கக் கூடாது.

உங்கள் கடையில், உங்கள் கையில்

இதெல்லாம் வங்கிக்கும் கூகுளுக்கும்தானே என்று நினைக்க வேண்டாம். நின்றுபோன பிரின்டர் நம் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது.

கடை வைத்திருப்பவர்களுக்கு: கியூ.ஆர் அட்டை பக்கத்தில் இருக்கும் சவுண்ட்பாக்ஸ்தான் உங்கள் ஸ்விஃப்ட் பிரின்டர். ‘பணம் வந்தது’ என்று அது சொன்னால்தான் ஒப்புகை. கூட்ட நேரத்தில் அது பேசாமல் இருந்தால், ‘நெட்வொர்க் சரியில்லை போல’ என்று விட்டுவிட்டு, வாடிக்கையாளர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிவிடாதீர்கள். போலித் திரையைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. உங்கள் போனில், உங்கள் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி கடை சாத்தும் முன் சவுண்ட்பாக்ஸ் சொன்னதையும் வங்கிக் கணக்கையும் ஒரு முறை ஒத்துப்பாருங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் இரண்டாவது சாட்சி.

ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கு: விண்டோஸில் பிரின்டர் நின்றால் ‘சர்வீசஸ்’ பகுதிக்குப் போய் ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்தி மறுபடி ஓடவிடுவது பலருக்கும் தெரிந்த வைத்தியம். செய்யலாம். ஆனால் வாரத்துக்கு நான்கு முறை அதே வைத்தியம் என்றால், ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறந்து ஸ்பூலர் ஏன் விழுகிறது என்று பாருங்கள். பழைய டிரைவராக இருக்கலாம். இந்த ஸ்பூலரில்தான் 2021-ல் ‘பிரின்ட்நைட்மேர்’ என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் ஜூலையில் அவசரமாக அப்டேட் வெளியிட்டது. பல வருடங்களாக அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர் என்றால் அதை முதலில் செய்யுங்கள்.

போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: வங்கி எஸ்.எம்.எஸ் வழக்கமாக வரும், இப்போது வரவில்லை என்றால் அது ஒரு தகவல். பேங்க் ஆப்பின் அறிவிப்பு வரவில்லை என்றால், பேட்டரி சேவர் அதைப் பின்னணியில் ஓடவிடாமல் நிறுத்தியிருக்கலாம். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். எப்போதும் டவர் கிடைக்கும் இடத்தில் திடீரென்று சிம் சிக்னலே இல்லை, பக்கத்தில் இருப்பவரின் அதே கம்பெனி சிம் வேலை செய்கிறது என்றால் உஷாராகுங்கள். உங்கள் பெயரில் வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கக்கூடும். அந்த நேரத்தில் போனை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டே இருப்பது நேர விரயம். வேறு போனிலிருந்து சிம் கம்பெனிக்கும் வங்கிக்கும் உடனே பேசுங்கள்.

பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் மோசடி உதவி எண் அது. வங்கியிலும் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளர் மீதும் இல்லாமல், வங்கி மீதும் இல்லாமல் மூன்றாவது நபரால் நடந்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. தாமதிக்கத் தாமதிக்கப் பொறுப்பு நம் தலையில் ஏறும்.

வீட்டுப் பெரியவர்களின் போனில் என்னென்ன எஸ்.எம்.எஸ் வழக்கமாக வரும் என்பதை வீட்டில் இளையவர் ஒருவராவது தெரிந்து வைத்திருப்பது நல்லது. பென்ஷன் ஏறியதற்கான தகவல் எந்தத் தேதியில் வரும், காஸ் சிலிண்டர் தகவல் எப்படி வரும் என்று தெரிந்தவருக்குத்தான், அது வராத நாளில் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்கத் தோன்றும்.

வந்த சேதியைப் படிக்க எல்லோருக்கும் தெரியும். வராத சேதியையும் படிக்கப் பழகிக்கொள்வோம்.